வல்லாரைச் சாறு: ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் டிபிபிஎச் மதிப்பு ஏன் இவ்வளவு மாறுது?

கோத்தகிரி_மாணவி:
கோத்தகிரி பக்கம் ஓடையோரம் பறித்த வல்லாரை. நிழலில் உலர்த்திப் பொடித்து, 10 கிராமை 100 மில்லி மெத்தனாலில் 24 மணி நேரம் ஊறவைத்தேன். டிபிபிஎச் (ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைச் சோதிக்கும் ஊதா நிறப் பொருள்) சோதனையில், ஏப்ரல் பொடியைவிட ஜூலை பொடிக்கு ஐசி50 (டிபிபிஎச்-இல் பாதியை அடக்கத் தேவையான சாறின் செறிவு; கூடினால் திறன் குறைவு) இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பொடியும் பழுப்பு. இன்னொன்று, சுத்தமான ஏசியாட்டிகோசைடைப் போட்டால் டிபிபிஎச்-இன் ஊதா அப்படியே நிற்கிறது. முக்கியமான பொருளே வேலை செய்யவில்லையா?

இலைச்சாறு:
அதற்கு அந்த வேலை இல்லைம்மா. ஏசியாட்டிகோசைடு ஒரு ட்ரைடர்பீன். ஃபீனால் வளையம் கிடையாது, டிபிபிஎச்-க்கு ஹைட்ரஜன் கொடுக்க வழியில்லை. ஊதாவை மஞ்சளாக்குவது குளோரோஜெனிக் அமிலம், குவர்செட்டின், கெம்ப்ஃபெரால் வகையறா ஃபீனால்கள். புண் ஆற்றும் பேர் ட்ரைடர்பீன்களுக்கு. அவற்றை அளக்க எச்பிஎல்சி (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) வேண்டும், அதுவும் ஒளியின் அலைநீளத்தை 205 நானோமீட்டர் பக்கம் வைத்து. டிபிபிஎச் எண்ணை வைத்து வல்லாரையே நல்லது, கெட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

மஞ்சூர்_மூலிகை:
பழுப்புதான் துப்பு. ஜூலை மூட்டத்தில் நிழலில் போட்ட இலை மூன்று நான்கு நாள் ஈரமாகவே கிடக்கும். அதற்குள் இலையிலுள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி ஃபீனால்களைத் தின்றுவிடும். பறித்த அன்றே கழுவி, நீர் வடித்து, ஒரே அடுக்காகப் பரப்பி 45 டிகிரி டிரே டிரையரில் வையுங்கள். காம்பை மடக்கினால் ‘பட்’டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இரண்டு நிமிடம் ஆவி காட்டிவிட்டு உலர்த்தினால் நொதி அடங்கும். கொதிநீரில் முக்க வேண்டாம், ஃபீனால் தண்ணீரோடு போய்விடும்.

பொடியின் ஈரத்தையும் கழியுங்கள். 2 கிராமை 105 டிகிரியில், எடை மாறாமல் நிற்கும் வரை வைத்துப் பாருங்கள். ஒன்றில் 7 சதவீதம், இன்னொன்றில் 15 என்றால் 10 கிராம் என்பதே ஒன்றல்ல.

குவெட்:
சோதனையிலும் ஓட்டை இருக்கலாம். 3.94 மில்லிகிராம் டிபிபிஎச், 100 மில்லி மெத்தனால்: இது 0.1 மில்லிமோலார். அன்றன்றைக்குக் கரைத்து, பழுப்பு பாட்டிலில். இதில் 3 மில்லிக்கு 1 மில்லி சாறு, 30 நிமிடம் இருட்டில், 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் ரீடிங். சாறுக்குப் பதில் மெத்தனால் விட்ட கன்ட்ரோல் 0.8 பக்கம் வர வேண்டும். ரொம்பக் குறைந்தால் டிபிபிஎச் பழசு. இலைச்சாறின் நிறமே கொஞ்சம் உறிஞ்சும், அதனால் ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஎச் இல்லாத பிளாங்க் வைத்துக் கழியுங்கள். இதை விட்டால் ஐசி50 கூடுதலாகவே காட்டும். பக்கத்தில் வைட்டமின் சி எப்போதும் ஓடட்டும். அதுவும் மாறினால் குற்றம் இலையில் இல்லை.

தேயிலைக்காடு:
ஓடை தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறதா? மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு (செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி) அடிப்பார்கள். செம்பு இலையிலுள்ள வைட்டமின் சி-யைச் சீக்கிரம் ஆக்சிஜனேற்றும். தோட்டத்துக்கு மேலே உள்ள ஊற்றில் பறியுங்கள். செடியையும் சரிபாருங்கள்: ஈரத்தில் கூடவே வளரும், வல்லாரை போலவே தெரியும் ஹைட்ரோகோட்டைல் கணுவுக்கு ஒற்றை இலைதான் விடும். வல்லாரை கணுவில் கொத்தாக விடும்.

கோத்தகிரி_மாணவி:
ஓடை தோட்டத்துக்குக் கீழேதான்! பிளாங்கும் வைக்கவில்லை. கஷாயத்தையும் ஒப்பிட வேண்டும், கொதிக்க வைத்தால் போதுமா?

இலைச்சாறு:
மலை உயரத்தில் இருப்பதால் கோத்தகிரியில் தண்ணீர் 94 டிகிரி பக்கமே கொதித்துவிடும். கோயம்புத்தூர் லேப் முடிவோடு ஒப்பிடுவதானால் ‘கொதிக்க வைத்து’ என்று எழுதாமல், இரண்டு இடத்திலும் 90 டிகிரி வாட்டர்பாத்தில் 30 நிமிடம் வையுங்கள்.