பிலிப்பினோ–இத்தாலிய நட்புச் சங்கங்கள்: அருகிலிருந்து கண்டவர்கள் சொல்கிறார்கள்

பலெர்மோவிலிருந்து

இத்தாலியில் இருக்கும் தமிழர்களாகிய நாம் ஊர்ச் சங்கம், கோவில் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று எத்தனையோ நடத்துகிறோம். எல்லாம் நமக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. மாடிப்படியில் தினமும் பார்த்துக்கொள்ளும் பிலிப்பினோக்கள், அதாவது பிலிப்பைன்ஸ் நாட்டவர், அப்படி இல்லை. அவர்களுடைய சங்கங்கள் சிலவற்றில் இத்தாலியர்களும் உறுப்பினர்கள். நிர்வாகக் குழுவிலும் அமர்ந்திருக்கிறார்கள். இந்த நாட்டில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் வாழ்கிறார்கள். 1970களில், கத்தோலிக்கத் திருச்சபைத் தொடர்புகளின் துணையோடு வீட்டு வேலைக்கு வந்த பெண்கள்தான் இந்தச் சமூகத்துக்கு அடித்தளம் போட்டவர்கள். அந்த நட்புச் சங்கங்களில் நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பிலிப்பினோக்களுக்கு டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் திருப்பலி உண்டு. சிம்பாங் காபி என்பார்கள். அவர்கள் ஊரில் விடியுமுன் நடப்பது. இங்கே அந்த நேரத்தில் பலர் வேலைக்குப் பஸ் ஏறிக்கொண்டிருப்பதால் மாலையில் வைக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் பரோல் என்னும் நட்சத்திர விளக்குகளைச் செய்கிறார்கள். என் மகளின் வகுப்புத் தோழி அழைத்ததால் பங்கு மண்டபத்துக்கு நாங்களும் போனோம்.

பரோல் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மெல்லியதாகப் பிளந்த மூங்கில் குச்சிகள் ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஐந்து முனை நட்சத்திரமாக்குகிறார்கள். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முனைகளை மட்டும் நூலால் இறுக்குகிறார்கள். பிறகு குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் விரல் நீளக் குச்சியை முட்டுக் கொடுக்கிறார்கள். அதுவரை தட்டையாகக் கிடந்த நட்சத்திரம் நடுவில் புடைத்துக்கொள்கிறது. இந்த முட்டுக் கொடுக்கும் வேலை தனி ஆளால் ஆகாது. ஒருவர் இரண்டு சட்டங்களையும் விரித்துப் பிடிக்க, மற்றவர் செருக வேண்டும். அன்று பிடித்தவர் ஓய்வு பெற்ற தச்சர், சிசிலிக்காரர். செருகியவர் பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்துப் பெண்மணி. இருவரும் "பிடியுங்கள்", "இன்னும் கொஞ்சம்", "போதும்" என்பதற்கு மேல் பேசவில்லை. முடிந்ததும் தச்சர் அந்த அம்மாவின் கத்தியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். மழுங்கியிருக்கிறது, அடுத்த வாரம் நான் தீட்டித் தருகிறேன் என்றார். சொன்னபடி சாணைக்கல்லோடு வந்தார்.

நட்புச் சங்கம் என்றால் இதுதான் என்பது என் கருத்து. பிலிப்பினோக்கள் மேடையில் ஆடுவதும், இத்தாலியர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுவதும், நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து வாழ்த்திப் பேசுவதும், லும்பியா என்னும் பொரித்த சுருளைச் சாப்பிட்டுவிட்டுக் கலைவதும் எனக்கு நட்பாகத் தெரியவில்லை. அது விருந்தோம்பல். உழைப்பு முழுவதும் ஒரு பக்கத்தினுடையது.

ரோமிலிருந்து

அண்ணா, மேடையை அவ்வளவு குறைவாகப் பேசிவிடாதீர்கள். நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் கன்னியர் சபைச் சகோதரி. ஞாயிற்றுக்கிழமைகளில் வியா உர்பானா தெருவில் இருக்கும் சாந்தா புதென்சியானா கோவிலுக்குப் போவதுண்டு. ரோமில் வாழும் பிலிப்பினோக்களின் தாய்க்கோவில் அது. தெரு காலப்போக்கில் உயர்ந்துவிட்டதால் படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டும். பீடத்துக்கு மேலே சுமார் 1600 ஆண்டுப் பழமையான மொசைக் ஓவியம். கிறிஸ்துவைச் சுற்றிலும் அப்போஸ்தலர்கள் ரோமானியச் செனட்டர்களின் உடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதன் கீழே பிலிப்பினோக்களின் தகலோக் மொழியில் பாட்டு.

வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு முழுநாளும், இன்னொரு நாளில் பாதியும் ஓய்வு என்பது இத்தாலியத் தொழில் ஒப்பந்தம். அந்த அரைநாள் பெரும்பாலும் வியாழன் பிற்பகல். சங்கக் கூட்டங்கள், ஒத்திகைகள், மொழி வகுப்புகள் எல்லாம் இந்த ஒன்றரை நாளுக்குள் அடங்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பெண் ஒத்திகைக்கு வருகிறாள் என்றால் அவள் தூக்கத்தை விட்டுக்கொடுத்து வருகிறாள் என்று பொருள்.

ஜூன் 12 பிலிப்பைன்ஸ் சுதந்திர தினம். அதை ஒட்டி நடந்த ஒரு விழாவில், வாரம் முழுவதும் ஒரு குடும்பத்தின் சமையலறையில் நிற்கும் பெண், தோள்களில் விறைப்பாக எழும் கைகள் வைத்த தெர்னோ உடையில் மேடைக்கு வந்தார். அவரைத் தொடக்கத்தில் இனம் கண்டுகொள்ளாத முதலாளியம்மா, தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். விழா முடிந்ததும் அந்தப் பெண் தட்டில் பான்சித் என்னும் நூடுல்ஸ் போட்டுக் கொண்டுவந்து, முதலாளியம்மாவை உட்கார வைத்து, "இன்று நீங்கள் என் விருந்தாளி" என்றார். தினமும் பரிமாறுபவர்தான், ஆனால் அன்று கொடுக்கும் இடத்தில் அவர் இருந்தார். அண்ணா சொல்லும் விருந்தோம்பலுக்கு இப்படியும் ஒரு பலம் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிலிப்பினோப் பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் அவர்கள் கையைப் பற்றித் தங்கள் நெற்றியில் வைத்து ஆசி பெறுவார்கள். அந்தத் தெருவிலேயே நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஓர் இத்தாலியப் பாட்டி, கை குலுக்குவதற்காக நீட்டிய கையை ஒரு சிறுவன் நெற்றியில் வைத்துக்கொண்டான். பாட்டிக்குச் சற்றுத் திகைப்பு. அருகிலிருந்தவர் விளக்கியதும், வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார். இப்போது கோவில் வாசலில் அவர் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கிறார்.

போப் பிரான்சிஸ் 2019 டிசம்பர் 15 அன்று புனித பேதுரு பேராலயத்தில் இவர்களோடு சிம்பாங் காபித் திருப்பலி நிறைவேற்றினார். பிலிப்பைன்ஸில் கிறிஸ்தவம் வேரூன்றி 500 ஆண்டுகள் ஆனதற்காக 2021 மார்ச் 14 அன்று மறுபடியும். ரோமில் வேலை செய்யும் பிலிப்பினோப் பெண்கள் போகும் வீடெல்லாம் விசுவாசத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்று அவர் அன்று பேசியதை அவர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

மிலானிலிருந்து

சகோதரி சொன்ன அந்த முதலாளியம்மா எழுந்து நின்றது நல்ல செயல். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. நான் தொழிலாளர் ஆவணங்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். இத்தாலியிலேயே பிலிப்பினோக்கள் அதிகம் வாழும் நகரம் எங்களுடையது. அவர்களிடம் நட்பும் சம்பளமும் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஒரு தரப்பு மற்றொரு தரப்புக்குச் சம்பளம் கொடுக்கும்போது, சங்கத்தில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று எழுதப்படாத ஒரு கோடு விழுந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் நடனம் உண்டு, சமையல் உண்டு, சுற்றுலா உண்டு. சம்பளத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கு டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உரிமை. வேலையை விட்டு நிற்கும்போது பணிக்கொடை உரிமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலாளி ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதே சங்கத்தின் உறுப்பினர் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணுக்குப் பல காலாண்டுகள் கட்டப்படவே இல்லை என்று எங்கள் மேசையில்தான் தெரிய வந்தது. அவர் சங்கத்தில் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும் என்று பயந்தார்.

அதற்கு மாறான சங்கமும் இங்கே உண்டு. அங்கே இத்தாலிய உறுப்பினர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, வியாழன் பிற்பகலில் மொழி வகுப்பு எடுக்கிறார். 2018இன் சட்டத்துக்குப் பிறகு குடியுரிமை கேட்பவர்கள் பொதுவாக பி1 என்னும் நடுத்தர நிலை இத்தாலிய மொழித் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். இருபது ஆண்டுகள் இங்கே உழைத்தும் சமையலறைச் சொற்களுக்கு மேல் பழக வாய்ப்புக் கிடைக்காதவர்கள் அதில் திணறுகிறார்கள். அந்த ஆசிரியை பாடநூலை மூடி வைத்துவிட்டு, மாணவிகளின் சம்பளச் சீட்டையே பாடமாக்கினார். ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கச் சொல்லி, அது என்ன பிடித்தம், ஏன் என்று விளக்கினார். தன் வீட்டில் வேலை செய்பவரின் சீட்டைத்தான் முதலில் எடுத்து வைத்தார். அன்றைய வகுப்பில் மொழியும் வந்தது, கணக்கும் வந்தது. பலெர்மோ அண்ணனின் தச்சர் போல இவரும் தன் கருவியை எடுத்து வந்தவர். இந்த மாதிரி மனிதர்களால்தான் அந்தச் சங்கத்தின் பெயரில் 'நட்பு' என்று போட்டிருப்பதை நான் நம்புகிறேன்.

விச்சென்சாவிலிருந்து

சம்பளக் கணக்கைவிட மிகப் பழைய கணக்கு ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. மகெல்லனின் கப்பலில் உலகைச் சுற்றி வந்து பயணக் குறிப்பு எழுதிய அந்தோனியோ பிகஃபெத்தா இந்த ஊர்க்காரர். 1522 செப்டம்பரில் விக்டோரியா கப்பலில் ஸ்பெயின் திரும்பிய 18 பேரில் ஒருவர். அவர் குடும்பத்தின் வீடு பழைய நகரத்துக்குள் இன்றும் நிற்கிறது. வாசலில் 'முள்ளில்லாமல் ரோஜா இல்லை' என்ற பொருளில் பிரெஞ்சு மொழியில் செதுக்கியிருக்கிறது.

அந்த வாசலுக்கு உள்ளூர் இத்தாலிய நண்பர்கள் பிலிப்பைன்ஸின் செபு தீவைச் சேர்ந்த சிலரை அழைத்துப் போனார்கள்; நானும் உடன் போனேன். விளக்கம் சொல்ல வந்தவர் வரலாறு படித்த இத்தாலியர். 1521 ஏப்ரலில் செபுவின் அரசி ஞானஸ்நானம் பெற்றபோது குழந்தை இயேசுவின் மரச்சிலையை அவருக்குக் காட்டியவர் தானே என்று பிகஃபெத்தா எழுதியிருப்பதை அவர் சொன்னார். கூட்டத்தில் இருந்த நடுவயதுப் பெண் ஒருவர் கையை உயர்த்தி, "அந்தச் சிலையின் முன்னால் நான் ஆடியிருக்கிறேன்" என்றார். ஜனவரி மூன்றாம் ஞாயிறு செபுவில் நடக்கும் சினுலோக் திருவிழாவைச் சொன்னார். சாந்தோ நின்யோ என்று அவர்கள் வணங்கும் அந்தச் சிலை செபுவின் பசிலிக்காவில் இருக்கிறது. 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் ஆட்கள் அங்கே அதை மறுபடி கண்டெடுத்தார்கள். அந்தப் பெண் சினுலோக் ஆட்டத்தின் நடையை, அலைகளைப் போல இரண்டு அடி முன்னே, ஓர் அடி பின்னே என்று தெருவிலேயே செய்து காட்டினார். வரலாற்றுக்காரர் தன் காகிதங்களை மடித்து வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். அதற்கப்புறம் அந்தப் பெண்தான் பேசினார்.

அதே ஏப்ரல் 27 அன்று செபுவுக்கு அருகிலுள்ள மக்தான் தீவில் மகெல்லன் கொல்லப்பட்டதையும் யாரும் மறைக்கவில்லை. பிலிப்பினோக்களுக்கு அங்கே மகெல்லனை எதிர்த்துப் போரிட்ட தலைவர் லாபுலாபுதான் வீரர். இத்தாலியருக்கு அதே நாளின் சாட்சி தங்கள் ஊர்ப்பிள்ளை. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பேச முடிந்தது எனக்குப் பிடித்திருந்தது.

மணிலாவிலிருந்து

நீங்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தைச் சொல்கிறீர்கள். இந்தப் பக்கத்தையும் கேளுங்கள். மணிலாவில் பிலிப்பைன்–இத்தாலியச் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. இத்தாலிய மொழி வகுப்புகள் நடத்துகிறது. இரு நாடுகளுக்கும் இடையே 1947 ஜூலை 9 அன்று நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் உறவு அதற்கும் முந்தையது. 1931இல் திறக்கப்பட்ட மணிலா மெட்ரோபாலிட்டன் தியேட்டரின் சிற்பங்களைச் செய்தவர் இத்தாலியச் சிற்பி பிரான்செஸ்கோ ரிக்கார்தோ மோந்தி. பிழைப்புக்காக ரோமுக்குப் போகும் பிலிப்பினோக்களைப் பற்றிப் பேசும்போது, மணிலாவுக்கு வந்து இங்கேயே வாழ்ந்து முடித்த இந்த இத்தாலியரையும் நினைக்க வேண்டும்.

பத்தாங்காஸில் மாபினி என்ற ஊருக்கு நண்பர் குடும்பத்தோடு போயிருந்தேன். 'குட்டி இத்தாலி' என்றே அதைச் சொல்கிறார்கள். மலைச்சரிவில் தூண் வைத்த மாளிகைகள், இத்தாலியப் பாணி பால்கனிகள். பெரும்பாலானவற்றில் ஒரு பாட்டியும் ஒரு பேரப்பிள்ளையும் மட்டும். கட்டியவர்கள் ரோமிலும் மிலானிலும் யாருடைய வீட்டையோ துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு வீட்டில் மதியம் எங்களுக்குப் பரிமாறியது வாழைப்பழக் கெச்சப் சேர்த்த இனிப்பு ஸ்பகெட்டி. கூட வந்திருந்த இத்தாலிய நண்பர் முதல் கவளத்தில் முகம் மாறினார். ஆனால் தட்டைக் காலி செய்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். அந்தப் பாட்டியின் மகள் அவருடைய ஊரில் அவருடைய அம்மா போன்ற ஒரு முதியவரைக் குளிப்பாட்டி, சோறூட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

பொலோன்யாவிலிருந்து

எல்லாவற்றையும் படித்தேன். என் கேள்வி சின்னது. தமிழர்கள் இவற்றில் உறுப்பினராகச் சேர முடியுமா, அல்லது விருந்தாளியாக மட்டும்தானா?

பலெர்மோவிலிருந்து

சேரலாம், தம்பி. ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினர் அட்டை வாங்க வேண்டியதுதான். சங்கத்தின் விதிமுறையில் எந்த நாட்டவர் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் 2013இல் வெளிநாட்டவர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பண்பாடுகள் ஆலோசனை மன்றம் நகராட்சியில் அமைந்ததால், வெவ்வேறு நாட்டுக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல.

மிலான் தம்பி எழுதியதைப் படித்த பிறகு இங்கே சிலர் கூடிப் பேசினோம். 2017இன் சட்டப்படி சமூக மேம்பாட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். தச்சர் ஒப்புக்கொண்டுவிட்டார், பத்தாங்காஸ் அம்மாவும் அவர் தங்கையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், நம்மவர் மூவர். ஏழாவது ஆளாகச் சம்பளச் சீட்டு வாசிக்கக் கற்றுத்தரும் ஒருவரைத் தேடுகிறோம். மிலான் ஆசிரியை தன் பாடக் குறிப்புகளைப் பகிரச் சம்மதிப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள், தம்பி.