மிவான் ஃப்ளாட்டில் கிச்சன் சுவரைத் திறக்கலாமா?

நாவலூர்வாசி:
பதினான்கு மாடிக் கட்டடம், எங்கள் வீடு மூன்றாவது மாடி. மிவான் முறை, அதாவது அலுமினிய அச்சில் கான்கிரீட் ஊற்றிக் கட்டுவது என்பதால் எல்லாச் சுவரும் கான்கிரீட், 160 மி.மீ. தடிமன். கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவில் 4 அடிக்கு 3 அடி வெட்டி கவுன்டர் போடலாம், ஜன்னல் அளவுதானே என்கிறார் இன்டீரியர்காரர். சென்னைக்கு ஏது நிலநடுக்கம் என்றும் கேட்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கம்பிக்கணக்கு:
வெட்டாதீர்கள் சார். மிவான் கட்டடத்தில் தனியாகத் தூண் கிடையாது, மேல்மாடிகளின் எடையையும் நிலநடுக்கம் பக்கவாட்டில் தள்ளுவதையும் சுவர்கள்தான் தாங்குகின்றன. முழுச் சுவர் என்றால் அடியில் ஊன்றிய ஒரே பலகை போல வளையும். நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் ஒடுங்கிய சுவர், மேலேயும் கீழேயும் குட்டை பீம் என்று ஆகிவிடும், விறைப்பு குறையும், கட்டடம் ஆடும்போது அந்தக் குட்டை பீமில்தான் முதலில் எக்ஸ் வடிவில் விரிசல் விழும். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தில் ஆங்கரேஜ் நகரத்து மவுன்ட் மெக்கின்லி கட்டடத்தில், அதுவும் பதினான்கு மாடிதான், மாடிக்கு மாடி ஜன்னல்களுக்கு மேலும் கீழும் இருந்த குட்டை பீம்கள் இப்படித்தான் பிளந்தன.

டிசைனிலேயே ஜன்னல் இருந்தால் அது வேறு கதை. அறுபடும் கம்பிக்கு ஈடான கம்பியைத் திறப்பின் ஓரங்களில் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13920 சொல்கிறது, செங்குத்துக் கம்பி அந்த மாடியின் முழு உயரத்துக்கும் ஓட வேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு வெட்டினால் அதை எங்கே போய் வைப்பது? திறப்பு சுவரின் முனைப்பக்கம் வந்தால் இன்னும் மோசம், சுவர் வளையும்போது அதிக அழுத்தமும் இழுவையும் அங்கேதான். அதோடு உங்களுடையது கீழ்மாடி, சுவர் தாங்கும் சுமையும் அதிகம்.

அப்புறம் சென்னை விஷயம். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்தது, இங்கேயும் நன்றாக உணர்ந்தோம். 2002-இல் நிலநடுக்க வடிவமைப்புத் தரநிலையான ஐ.எஸ். 1893-ஐத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏற்றிவிட்டார்கள், எண் கூடினால் ஆபத்தும் கூடுதல் என்று அர்த்தம்.

மேடவாக்கம் பிளாக் பி:
எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் கேட்காமலே வெட்டிவிட்டார்கள். கம்பிகளை கான்கிரீட் மட்டத்துக்கு அறுத்து மேலே புட்டி பூசி முடித்தாயிற்று, பார்த்தால் தெரியாது. மேல்வீட்டுக்காரர்களுக்குத்தான் பயம். அசோசியேஷனில் முதலில் எழுதிக் கொடுங்கள், கட்டட டிராயிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

நாவலூர்வாசி:
சரி, கவுன்டர் வேண்டாம். ஏசி பைப் துளை?

கம்பிக்கணக்கு:
அது போடலாம், ஸ்கேனர் வைத்து கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்து, இடையில் கோர் கட்டிங் (வைரமுனைக் குழாயைச் சுழற்றி வட்டமாக அறுப்பது) செய்யச் சொல்லுங்கள். சுத்தியல் டிரில் வேண்டாம். சுவர் முனையை விட்டு விலகியே போடுங்கள். கதவுக்கு மேலே இருக்கும் பகுதியில் கூடவே கூடாது, அதுவும் குட்டை பீம்தான். ஏணி போட வசதி என்று ஆட்கள் அங்கேதான் முதலில் கை வைப்பார்கள், அதனால் அன்றைக்கு நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.