புதுப்பிப்பு: பிரிட்டோரியா வீட்டுக் குண்டுமல்லி பூத்துவிட்டது

ஜூலையில் இங்கே கேட்டிருந்தேன்: தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா பக்கம் லாடியத்தில் எங்கள் வீட்டுக் குண்டுமல்லி மூன்று வருடமாய் இலையாகவே தள்ளுகிறது, பூ வேண்டிய காலத்தில் மொட்டே இல்லை, என்ன செய்ய என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பூத்துவிட்டது!

பலித்தது இந்த நாட்டிலேயே டர்பன் நகரத்தில் இருக்கும் அக்கா சொன்னதுதான். மதுரை அண்ணன் சொன்ன நவம்பர் கடைசிக் கவாத்தைத்தான் (கிளைகளை வெட்டிவிடுவது) நானும் இத்தனை வருடம் செய்துவந்தேன். அங்கே அது சரி. இங்கே பருவம் தலைகீழ், நவம்பர் என்றால் வசந்தம் முடிகிற நேரம். மொட்டு விடவேண்டிய துளிரையே வெட்டி எறிந்திருக்கிறேன். "மாசத்தைத் திருப்பிப் போடுங்க தம்பி" என்றார் அக்கா.

ஆகஸ்ட் கடைசியில், உறைபனி பயம் போனபின், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டி, மிச்ச இலைகளை உருவிவிட்டேன். புல்லுக்குப் போடும் தழைச்சத்து உரத்தையும் நிறுத்தினேன். செப்டம்பரில் துளிர். தெருவில் ஜகரந்தா உதிரும் வாரத்தில், துளிர் நுனியில் மும்மூன்றாய் அரிசி அளவு மொட்டு.

எதிர்பாராதது ஒன்று. அக்டோபரில், மழைக்கு முன், இலைகள் புள்ளி புள்ளியாய் வெளிறின. திருப்பிப் பார்த்தால் மெல்லிய நூலாம்படை, நடுவே ஊசிமுனை அளவில் ஊரும் சிவப்பு. செஞ்சிலந்தி, வறட்சியில்தான் பெருகும். மருந்து அடிக்கவில்லை. தினமும் காலையில் குழாயால் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சினேன், பத்து நாளில் அடங்கியது.

நேற்று ஒரு கைப்பிடி பறித்தோம். சாமி படத்துக்குத் தொடுத்ததுபோக, மிச்சம் அம்மா தலையில்.