ஒகினாவா பாகற்காய்ச் சமையலும் டாஷியும்: கட்சுவோபுஷிக்குப் பதில் மாசிக் கருவாடு சரிவருமா?

கல்லடிப் பிள்ளை: சூஷி இல்லை, ஜப்பானில் ஊருக்கு ஊர் வீடுகளில் சமைப்பதைப் பழக ஆசை. முதலில் ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவின் கோயா சம்புரு, அதாவது பாகற்காய், டோஃபு, முட்டை போட்ட வறுவல், கூடவே மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப். சூப்புக்கு அடிப்படையான டாஷி என்கிற சாற்றுக்குக் கட்சுவோபுஷி (ஜப்பானியக் காய்ந்த சூரை மீன் சீவல்) மட்டக்களப்பில் தேடிக் களைத்துவிட்டேன், மாசிக் கருவாடு போடலாமா?

கல்முனை அக்கா: தாராளமாகப் போடுங்கள் தங்கச்சி. இரண்டும் சூரை மீனை அவித்து, புகைபோட்டு, காயவைப்பதுதான். ஆனால் மாசியில் உப்பு கூட, அதனால் சம்பலுக்கு மாதிரி இடிக்காமல் கத்தியால் மெல்லிசாகச் சீவி, தண்ணீர் கொதித்ததும் அடுப்பை நிறுத்திப் போட்டு, சீவல் அடியில் இறங்கியதும் வடியுங்கள். பிழியவே வேண்டாம், கலங்கிவிடும். மிசோவையும் பார்த்துக் கரையுங்கள்.

காத்தான்குடி: சம்புருவுக்கு அங்கே பன்றி இறைச்சி போடுவார்கள், நாங்கள் டின் டூனா போடுகிறோம், ஒகினாவாவிலும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பாகற்காயை நீளமாகப் பிளந்து, விதையோடு அந்த வெள்ளைப் பஞ்சையும் கரண்டியால் சுரண்டி, அரிந்து, உப்புப் பிசிறிக் கொஞ்ச நேரம் வைத்துப் பிழியுங்கள். டோஃபுவை (சோயாப் பால் கட்டி) கையால் பிய்த்து முதலில் சிவக்க வறுத்து எடுத்துவிடுங்கள். முட்டை கடைசியில்தான், அது இறுகுவதற்குள் இறக்கிவிட வேண்டும்.

கல்லடிப் பிள்ளை: பெரிய உதவி! டோஃபு இங்கே எந்தப் பக்கம் கிடைக்கும்?

கல்முனை அக்கா: சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் பாருங்கள், இறுக்கமானதாக வாங்குங்கள்.