ஷக்கிள் புஷ்ஷும் போல்ட்டும்: ரெயிலர் வைத்திருப்பவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கொக்குவில் கரவன்

இரண்டு மாதமாக ஒரு முறிந்த போல்ட் என் மேசையில் கிடக்கிறது, அதை எறியவும் மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எங்களுடையது இரட்டை அச்சு ரெயிலர், மேலே நாலு பேர் படுக்கக்கூடிய கூடு, உள்ளூர் கராஜில் செய்வித்தது. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போனோம், ஹைலக்ஸில் கொழுவிக்கொண்டு, சங்குப்பிட்டிப் பாலத்தால். பூநகரி தாண்டி முழங்காவிலுக்கு முதல் அம்மா பின் சீற்றில் இருந்து "ஏதோ றப்பர் எரியிற மணம் வருது" என்றார். நான் கேட்கவில்லை. வயல்காரர் யாரோ வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு கிலோமீற்றர் ஓடியிருப்பேன். இறங்கிப் பார்த்தால் இடது பக்க முன் சில்லு நாலு விரல் பின்னுக்கு நகர்ந்து, முன் ரயரும் பின் ரயரும் ஒன்றோடொன்று உரசிப் புகைந்துகொண்டிருக்கின்றன.

ஸ்பிறிங் தகட்டின் முன் நுனியில் வளையமாக இருக்கிற காதை, சட்டத்தில் ஒட்டிய ஹாங்கர் என்கிற பிடியில் பிடிக்கிற போல்ட் போய்விட்டது. பாதித் துண்டு காதுக்குள்ளேயே நின்றது, அதைத் தட்டி எடுத்தேன். முறிந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்து வழவழவென்று இருந்தது, மிச்சம் மட்டும் புதிதாக வெள்ளி மாதிரி மினுங்கியது. அப்படியென்றால் அது அன்றைக்கு முறியவில்லை. எத்தனையோ நாளாக வெடித்து வெடித்து, கடைசிக் கால்வாசியில்தான் என் பிள்ளைகளைச் சுமந்து வந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் நித்திரை வருவதில்லை.

போன வருடம் புஷ், அதாவது காதுக்குள் போல்ட்டைச் சுற்றி இருக்கிற குழாய், மாற்றும்போது நான்தான் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போய் போல்ட் வாங்கினேன். ஓட்டை 9/16 அங்குலம். கடையில் அது இல்லை, "14 மில்லி போடுங்கோ, சரியா வரும்" என்று தந்தார்கள். தலையில் இருந்து நுனிவரை புரி வெட்டின போல்ட். கையால் தள்ளவே போனது, நானும் சந்தோஷமாகப் பூட்டினேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

வேலணை பவுசர்

தம்பி, பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்காதது பெரிய காரியம். ஆனால் 14 மில்லியில் பழியைப் போடாதீர். 9/16 என்பது 14.29 மில்லிமீற்றர், வித்தியாசம் ஒரு மயிரளவு. உம்மைக் கவிழ்த்தது அந்த முழுப்புரிதான். புரியின் பள்ளம் ஒவ்வொன்றும் வெடிப்புத் தொடங்குகிற இடம், அதோடு புரி அரம் மாதிரி புஷ்ஷை உள்ளிருந்து ராவி எடுத்துவிடும்.

என் கதை வேறு. நான் தண்ணிப் பவுசர் ஓட்டுகிறவன், நாலாயிரம் லீற்றர், அதாவது தண்ணி மட்டும் நாலு தொன். வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்குப் போய்வருவது, கோடையில் ஒரு நாளைக்கு மூன்று நடை. இரண்டு பக்கமும் கடல், காற்றடித்தால் உப்புத் தண்ணி சில்லு வரைக்கும் தெறிக்கும். ஒருமுறை ஸ்பிறிங்கின் நுனியைப் பிடித்து ஆடுகிற ஷக்கிள் தகட்டின் போல்ட்டைக் கழற்றக் கராஜுக்குக் கொண்டுபோனேன். நட்டு கழன்றது, போல்ட் அசையவில்லை. பெரிய சுத்தியல், எண்ணெய், ஒரு இரவு ஊறவிட்டது, ஒன்றுக்கும் அசையவில்லை. றப்பர் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிவிட்டன. கடைசியில் காஸால் வெட்டினார்கள், றப்பர் பற்றிக் கரும்புகை கிளம்பி ஸ்பிறிங் தகடும் சூட்டில் நிறம் மாறிவிட்டது. சூடு ஏறின ஸ்பிறிங் பிறகு ஸ்பிறிங் இல்லை. ஒரு போல்ட்டுக்காக முழுக் கட்டும் மாற்ற வேண்டி வந்தது.

அந்தப் புகையை மறக்க முடியாது. அதற்குப் பிறகு போல்ட் பூட்டும்போது புரி இல்லாத வெறும் உடலில் கிறீஸ் பூசாமல் நான் உள்ளே விடுவதில்லை. இரும்புக் குழாய்க்கு உள்ளே மட்டும், றப்பரில் படாமல். பெற்றோலியக் கிறீஸ் பட்டால் றப்பர் ஊதிப் பஞ்சாகும்.

ஸ்காபரோ அளவெட்டி

நான் இருப்பது கனடாவில், இங்கே ட்ராவல் ரெயிலர் வைத்திருக்கிறேன். கோடையில் அல்கொன்குயின் பூங்காவுக்குக் கொண்டுபோவோம். கொக்குவில் தம்பி எழுதியதை வாசித்தவுடன் எனக்கு என் கையில் விழுந்த அந்தப் புஷ் ஞாபகம் வந்தது. மூன்றாம் வருடம் சில்லு உட்பக்கம் தேய்கிறதே என்று கூட்டை ஜாக்கியில் தூக்கிக் கடப்பாரையால் நெம்பினேன், ஷக்கிள் டொக் என்று ஆடியது. கழற்றினால் நைலோன் புஷ் கீழ்ப்பக்கம் முழுக்க இல்லை, மேல்பக்கம் மட்டும் வெங்காயச் சருகு மாதிரி உள்ளங்கையில் விழுந்தது. போல்ட்டிலும் ஒரு பக்கம் பள்ளம். ஷக்கிள் தகட்டின் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, பெயின்ற்கூட உரியவில்லை.

இங்கே தொழிற்சாலையில் இருந்து வரும்போதே பெரும்பாலும் நைலோன்தான் போட்டு வரும், கிறீஸ் அடிக்க வழி இல்லை. பலரும் பிறகு வெண்கலப் புஷ்ஷும் நடுவில் துளையிட்ட போல்ட்டும் மாற்றுவார்கள், போல்ட்டின் தலையில் கிறீஸ் ஏற்றுகிற நிப்பிள் இருக்கும். அங்கேயும் லேத்தில் செய்விக்கலாம். ஆனால் மாற்றும்போது சில விஷயம் கட்டாயம் பார்க்க வேண்டும், நான் ஒவ்வொன்றாகப் பிழைவிட்டுப் பழகினேன், அதனால் சொல்கிறேன்.

போல்ட்டின் உடலில் கிறீஸ் வெளியே வருகிற ஓட்டை பக்கவாட்டில் நிற்க வேண்டும், மணிக்கூட்டில் 3 அல்லது 9 இருக்கிற இடத்தில். மேலேயோ கீழேயோ நின்றால் பாரம் அந்த ஓட்டையை அடைத்துவிடும், கிறீஸ் போகாது, பாரம் தாங்குகிற முகத்தில் ஓட்டை இருப்பதும் போல்ட்டுக்கு நல்லதில்லை. நான் முதல்முறை எட்டு போல்ட்டையும் ஓட்டையைப் பார்க்காமல் அடித்து ஏற்றிவிட்டு, கிறீஸ் கன்னை அழுத்தினால் கிறீஸ் நிப்பிளைச் சுற்றித்தான் பீறிட்டது. இரண்டாவது, கிறீஸ் அடிக்கும்போது கூட்டை ஜாக்கியில் தூக்கிச் சில்லில் இருந்து பாரத்தை எடுத்துவிடுங்கள், அப்போதுதான் புஷ்ஷைச் சுற்றி முழுக்கப் போகும். மூன்றாவது, தலைக்குக் கீழே பல்லு வைத்த போல்ட் என்றால் அந்தப் பல்லு தகட்டைக் கடித்து நிற்கத்தான் இருக்கிறது. தலையை ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும். தலையைத் திருப்பினால் பல்லு ஓட்டையை அரிந்து பெரிதாக்கிவிடும், பிறகு போல்ட் தகட்டுக்குள்ளேயே சுழலும், புஷ் புதிதாக இருந்தும் பிரயோசனம் இல்லை. ஷக்கிள் தகட்டையும் தடித்ததாக மாற்றுங்கள், கால் அங்குலத்துக்குப் பதில் அரை அங்குலம், பக்கவாட்டு வளைவு குறையும். இரட்டை அச்சு என்றால் நடுவில் இரண்டு ஸ்பிறிங்கையும் இணைக்கிற ஈக்வலைசரின் புஷ்தான் பெரும்பாலும் முதலில் போகும், அங்கேயிருந்து பார்க்கத் தொடங்குங்கள். நைலொக் நட்டைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள், அந்த நைலோன் வளையம் ஒருமுறைதான் பிடிக்கும். ஸ்பிறிங்கை அச்சோடு கட்டுகிற யூ போல்ட்டும் அப்படியே. ஒருக்கால் இழுபட்டதைக் கழற்றித் திரும்பப் பூட்டக்கூடாது.

வேலணை அண்ணை, றப்பர் புஷ்ஷை விட்டுவிட்டு வெண்கலத்துக்கு மாறுங்கோ.

வேலணை பவுசர்

ஸ்காபரோ அண்ணை, உங்கள் ரெயிலர் வருடத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? என்னுடையது ஞாயிறு தவிர மற்ற நாள் முழுக்க உப்புக்குள் நிற்கிறது. வெண்கலம் போட்டு ஒரு கிழமை கிறீஸ் அடிக்க மறந்தால் உப்புத் தண்ணி உள்ளே போய்ப் போல்ட்டைத் தின்றுவிடும். றப்பர் தன்பாட்டில் கிடக்கும். இரவு ஏழு மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கிறவனிடம் கிறீஸ் கன்னைக் கொடுக்கிறீர்கள்.

றப்பர் போடுகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். நட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி தன் காலில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கிவிட்டு இறக்கினால் றப்பர் முறுக்கின நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

நல்லூர் மொபைல் கன்ரீன்

இங்கே எல்லோரும் அண்ணாமார், நான் ஒரு பெண், எனக்கும் ஒரு போல்ட் கதை இருக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் சாப்பாட்டு ரெயிலர் வீதியோரம் நிற்கும், அந்த வருமானத்தில்தான் வருடத்தில் பாதி ஓடும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம் அப்பா புது ஷக்கிள் போல்ட் பூட்டினார். துருப்பிடிக்காது என்று பார்த்துப் பார்த்து வாங்கிய ஸ்டெயின்லெஸ், தலையில் A2-70 என்று இருந்தது. நட்டு பாதி வரை போனது, பிறகு முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் வரவில்லை. அப்பா நீளக் குழாய் போட்டு நெம்பினார். போல்ட் முறுகி முறிந்தது, அப்பாவின் முழங்கை அச்சில் அடித்து இரத்தம். இரவு ஒன்பது மணிக்கு யார் கடை திறந்து வைத்திருப்பார்கள்? பக்கத்துக் கராஜ்கார ஐயா தன் பழைய லொறியில் இருந்து இரண்டு போல்ட் கழற்றித் தந்தார், காசு வாங்கவில்லை. காலை நாலு மணிக்கு ரெயிலர் இடத்துக்குப் போய்விட்டது.

பிறகுதான் தெரிந்தது, ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வறட்டுக்கு இறுக்கினால் புரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று. A2-70 என்றால் இழுத்தால் தாங்குகிற பலம் 700 மெகாபாஸ்கல்தானாம், சாதாரணமாகக் கிடைக்கிற 8.8 தர இரும்பு போல்ட்டே 800. மினுக்கத்துக்குக் காசு கொடுத்துப் பலம் குறைந்ததை வாங்கியிருக்கிறோம். இப்போது நான் கைப்பையில் வேர்னியர் அளவுகோல் கொண்டுதான் கடைக்குப் போவேன். போல்ட்டின் தலையில் எழுத்து இல்லாவிட்டால் வாங்க மாட்டேன். முதல்முறை அப்படிக் கேட்டபோது கடைப்பெடியன் என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னான், இப்போது என்னைப் பார்த்தே சொல்கிறான்.

கோப்பாய் லேத்

தங்கச்சி செய்வதுதான் சரி. வேர்னியர் இல்லாமல் போல்ட் வாங்கக்கூடாது.

வேலணைத் தம்பி "மயிரளவு" என்று எழுதியதை என்னால் விட முடியாது. 0.29 மில்லிமீற்றர் லேத்காரனுக்கு மயிரளவு இல்லை. புது நாளில் 0.29, ஒவ்வொரு பள்ளத்திலும் போல்ட் அந்த இடைவெளியைத் தாண்டி அடிக்கிறது, சுத்தியல் மாதிரி. அந்த அடியில் ஓட்டை பெருக்கும், ஓட்டை பெருத்தால் அடி இன்னும் பலக்கும். முழுப்புரி வெடிப்பைத் தொடக்கி வைத்தது, ஆட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போனது. இரண்டும் சேர்ந்துதான் கொக்குவில் தம்பியின் போல்ட்டை எடுத்தது.

நைலோன் பற்றியும் ஒரு சொல். இங்கே எல்லோரும் வெள்ளை நைலோன் உருளை கொண்டுவந்து "புஷ் கடைந்து தாங்கோ" என்கிறார்கள். நைலோன் ஈரம் குடித்து ஊதும். சரியாக இறுக்கமாகக் கடைந்து கொடுத்தால் மாரிக்குப் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும், தளர்வாகக் கொடுத்தால் கோடையில் ஆடும். பிளாஸ்ரிக்தான் வேண்டும் என்றால் அசிற்றல் கேளுங்கள், அது ஈரம் குடிப்பது மிகக் குறைவு. வெண்கலப் புஷ் என்றால் காதுக்குள் அழுத்தி ஏற்றிய பிறகுதான் உள் ஓட்டையை ரீமரால் அளவுக்கு எடுக்க வேண்டும், அழுத்தும்போது ஓட்டை சுருங்கும். மேசையில் சரியாகப் போன போல்ட் காதுக்குள் போகவில்லை என்று சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்.

எனக்கு மனதில் நிற்பது தொண்ணூறுகளில் ஒரு நாள். பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். ஒரு மொறிஸ் மைனர்க்காரர் பிரசவத்துக்கு மகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஸ்பிறிங் புஷ் தூளாகிவிட்டது, யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. லொறி ரயரின் பக்கச் சுவரில் வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, சவர்க்காரத் தண்ணி பூசி ஏற்றினேன். மகள் காருக்குள் இருந்தபடியே கதவைப் பிடித்துக்கொண்டு முனகியது இப்போதும் கேட்கிறது, என் கை நடுங்கி இரண்டு தடவை வெட்டுப் பிழைத்தது. அந்தப் புஷ் ஒன்றரை வருடம் ஓடியது. ஆனால் அன்றைக்கும் பழைய போல்ட்டை நான் திரும்பப் போடவில்லை. றப்பருக்கு மாற்று உண்டு, போல்ட்டுக்கு இல்லை என்று நினைத்துப் பழைய அச்சுத் துண்டில் புதிதாக ஒன்று கடைந்தேன், காதுக்குள் இருக்கிற பகுதியில் புரி வராமல்.

கொக்குவில் கரவன்

எல்லோருக்கும் நன்றி. கோப்பாய் ஐயா, நீங்கள் எழுதிய பிறகு போல்ட் கழற்றிய ஹாங்கர் நாலையும் அளந்தேன். முறிந்த பக்க ஓட்டை குறுக்கே 14.4, நெடுக்கே 16.1. ஆட்டம் என்றால் என்னவென்று அளக்கும்போதுதான் விளங்கியது. ஓட்டை போன ஹாங்கரை வெட்டி எடுத்துப் புதிது ஒட்டக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்காபரோ அண்ணை சொன்னபடி வெண்கலம்தான் போடுகிறேன், வேலணை அண்ணை கோபிக்க வேண்டாம், எங்கள் ரெயிலர் மாதம் ஒருமுறைதான் வெளியே போகும், கிறீஸ் அடிக்க எனக்கு நேரம் இருக்கிறது. போல்ட் 9/16, தலையில் ஆறு கோடு, அதாவது கிறேட் 8, வெறும் உடல் இரண்டு தகட்டையும் தாண்டி வருகிற நீளம். அந்த நீளம் யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை, கொழும்பில் இருந்து பஸ்ஸில் வருகிறது. ஈக்வலைசரை இன்னும் கழற்றவில்லை, சனிக்கிழமை கழற்றுவேன். ஐயா, அதற்கு ரீமர் உங்களிடம்தான் இருக்கிறது, காலையில் கொண்டுவரலாமா?