செத்ததுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லன்னு நினைக்கிறவங்க, நேர்ல பட்டத சொல்லுங்க

கடவுள் இருக்காரா இல்லையாங்கற சண்டை வேணாம், அத வேற எடத்துல வச்சுக்கலாம். ஆத்மா, மறுபிறவி, சொர்க்கம் எதையும் நம்பாதவங்க ஒரு சாவுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தப்ப என்ன பேசினீங்க, உள்ளுக்குள்ள என்ன ஓடுச்சு, அத மட்டும் எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கப்பா விவரம் தெரிஞ்ச நாள்லருந்து நாத்திகர். கடைசி ரெண்டு மாசம் படுக்கைதான். பார்க்க வந்த சொந்தக்காரங்கள்ல பாதிப்பேர் உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறதுக்கு முன்னாடியே "இப்பவாவது சாமிய நினைச்சுக்கப்பா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, பயத்துலயும் பாசத்துலயும் சொன்னதுதான், ஆனா எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துட்டு இருப்பாங்க, மாறிட்டாரா மாறிட்டாரான்னு. அவர் தலைய ஆட்டிட்டு கண்ண மூடிக்குவார்.

ஒரு ராத்திரி நான்தான் கேட்டேன், பயமா இருக்காப்பான்னு. ரொம்ப நேரம் பேசல, தூங்கிட்டார்னு நினைச்சேன். அப்புறம் சொன்னார்: "வலிய நினைச்சா பயமா இருக்கு. உங்கம்மா தனியா கெடப்பாளேன்னு இருக்கு. அதுக்கப்புறம் பயப்பட என்னடா இருக்கு, பயப்படறதுக்கு நான் இருந்தாத்தான?"

அடுத்த நாள்லருந்து அம்மாவுக்கு போன்ல பில் கட்ட, பாஸ்வேர்ட் மாத்த சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சார். மூச்சு வாங்கும், நிறுத்துவார், மறுபடி சொல்லுவார். சாவுக்கு அப்புறம்ங்கறத பத்தி அவர் பேசினது எல்லாமே இந்த மாதிரிதான், அவர் இல்லாத வீட்டைப் பத்தி.

இப்ப என் பிரச்சனை. நானும் அவர் மாதிரிதான் நினைக்கிறேன். ஆனா அவர் போய் பத்து நாள் கழிச்சு எதையோ கேக்கணும்னு அவர் நம்பரை எடுத்துட்டேன், ரிங் போற வரைக்கும் நினைவு வரல. அன்னிக்கு சாயங்காலம் ஒரு பெரியம்மா "அப்பா மேலருந்து பாத்துட்டுதான் இருப்பார்"னு சொன்னப்ப இல்லன்னு சொல்ல முடியாம அவங்க தோள்லயே சாஞ்சு அழுதேன். இது உங்களுக்கும் நடந்திருக்கா?

பழைய டீச்சர்:

தம்பி, உங்கப்பா சொன்னது 2300 வருஷம் பழைய வாக்கு, அவர் படிச்சு சொன்னாரா தானா வந்துச்சான்னு தெரியல. கிரேக்க தத்துவவாதி எபிகியூரஸ் இதையேதான் சொன்னார், நாம இருக்கும்போது சாவு இல்ல, சாவு வரும்போது நாம இல்லன்னு. முகத்தையே பார்த்துட்டு இருந்தாங்கன்னு எழுதினீங்க பாருங்க, அதுவும் பழசுதான். மறுமைய நம்பாத தத்துவவாதி டேவிட் ஹியூம் 1776ல சாகக் கெடக்கும்போது ஜூலை 7ஆம் தேதி எழுத்தாளர் பாஸ்வெல் அவரைப் போய்ப் பார்த்ததே இதுக்குத்தான், இந்த மனுஷன் கடைசியிலயாவது அசையறாரான்னு. ஒண்ணுமில்லாம போயிடுவோமேன்னு கலக்கம் இல்லையான்னு கேட்டதுக்கு, பிறக்கறதுக்கு முன்னாடி நான் இல்லாம இருந்தத நினைச்சா எனக்குக் கலக்கம் இல்ல, இதுவும் அப்படித்தான்னார். ஆகஸ்ட் 25ல செத்தார். அவர் நிம்மதியா இருந்தார், கலங்கிப் போனது பாஸ்வெல்தான்.

என் கதைக்கு வர்றேன். நான் தமிழ் வாத்தியார். மணிமேகலையில சமயக்கணக்கர், அதாவது பல சமயத்து வாதிகள், வர்ற காதைய எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கேன், அதுல பூதவாதின்னு ஒருத்தன் வருவான், நிலம், நீர், நெருப்பு மாதிரி பூதங்கள்தான் எல்லாம், கண்ணால பார்த்ததத்தான் நம்புவேன்னு சொல்றவன். பூவையும் வெல்லக்கட்டியையும் சேர்த்தா போதை பிறக்குற மாதிரி பூதங்கள் சேர்ந்தா உணர்வு பிறக்குது, பிரிஞ்சா பறைச் சத்தம் தேஞ்சு அடங்குற மாதிரி அடங்கிடுது, மறுபிறப்பில வினைப்பயன் அனுபவிக்கறதுங்கறது பொய்னு சொல்லுவான். மணிமேகலை, உன் அப்பா அம்மாவையே நேர்ல பார்த்து இல்ல, அனுமானத்தாலதானே தெரிஞ்சுக்கிட்டன்னு மடக்கிடுவா. நானும் வருஷா வருஷம் அவ பக்கம் நின்னு அவனைத் தாண்டிப் போயிடுவேன்.

என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் அந்தப் பகுதிய மறுபடி படிச்சேன். பறைச் சத்தம்ங்கற இடத்துல நின்னுட்டேன். சத்தம் எங்க போச்சுன்னு யாரும் கேக்க மாட்டோம் இல்லையா, அது எங்கயும் போகல, அடிக்கறது நின்னுச்சு, அவ்வளவுதான். அவர் எங்க இருக்காருன்னு ஒரு வருஷமா எனக்குள்ள கேட்டுட்டே இருந்த கேள்வி அன்னிக்குத்தான் அடங்குச்சு. துக்கம் அடங்கலப்பா, கேள்வி மட்டும்தான். நம்பர் எடுத்தத நினைச்சு வெக்கப்படாதீங்க, அது நம்பிக்கை இல்ல, கைப்பழக்கம். நான் ரெண்டு வருஷம் கட்டில்ல ஒரு ஓரமாத்தான் படுத்தேன்.

நைட் ஷிப்ட் நர்ஸ்:

ஐசியுல இருக்கேன், எனக்கு மறுமை நம்பிக்கை கெடையாது. நான் பார்த்த வரைக்கும் சாகப் போறவங்க அடுத்து எங்க போவேன்னு கேக்கறது கொறச்சல்தான். யார் வெளிய நிக்கிறாங்க, பையன் வந்துட்டானா, ரொம்ப வலிக்குமா, இதான் கேக்கறாங்க. நம்பிக்கை இருக்கறவங்க இல்லாதவங்க ரெண்டு பேருமே. கடைசி நேரத்துல மூச்சு ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளி நீண்டுட்டே போகும், தொண்டையில ஒரு சத்தம் வரும், அது பெரும்பாலும் பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் கொடுமை, சாகறவங்களுக்கு அந்த நேரம் பெரும்பாலும் நினைவு இருக்காது, அத முன்கூட்டியே குடும்பத்துக்குச் சொல்லிட்டா பாதி பயம் போயிடும், ஆனா பல எடத்துல யாரும் சொல்றதில்ல, அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஒரு வயசான அம்மா விடியக்காலையில என் கையப் பிடிச்சு "எங்கம்மா வந்து நிக்கிறாங்க பாரு"ன்னாங்க. இந்த மாதிரி பார்க்கறது ரொம்ப சகஜம். நான் இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. "என்ன சொல்றாங்க?"ன்னு கேட்டேன். "தூங்க சொல்றா"ன்னாங்க. நான் பொய் சொல்லல, அவங்களத் தனியாவும் விடல. அந்தக் கேள்விய அதுக்கப்புறம் எத்தனையோ பேர்கிட்ட கேட்டிருக்கேன்.

சரி, உயிர் பிரிஞ்சு மேல மெதந்து பார்த்தேன்னு சொல்றவங்க பத்தி இங்க எப்படியும் கேப்பீங்க. சாம் பார்னியாங்கற டாக்டரோட குழு அத சோதிக்கவே பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரியாவுல 15 ஆஸ்பத்திரியில கூரைக்குப் பக்கத்துல பலகை மாட்டி, மேலருந்து பார்த்தா மட்டும் தெரியற மாதிரி படங்கள் வச்சாங்க. 2014ல முடிவு வந்துச்சு. இதயம் நின்ன 2060 கேஸ்ல பொழச்சு பேட்டி குடுக்க முடிஞ்சது 140 பேர். படத்தைப் பார்த்தேன்னு சொன்னவங்க ஒருத்தர் கூட இல்ல. ஒருத்தர் மட்டும் ரூம்ல நடந்தத சரியா சொன்னார், ஆனா அவர் இருந்த எடத்துல பலகையே இல்ல. அதனால இத வச்சு ரெண்டு பக்கமும் ஜெயிச்சோம்னு சொல்லிக்க முடியாது, நான் சொல்லவும் மாட்டேன்.

திரும்பி வந்தவன்:

எனக்கு இதயம் நின்னு திரும்ப ஓட வச்சாங்க. என்ன பார்த்தன்னு எல்லாரும் கேட்டாங்க. ஒண்ணும் பார்க்கல. இருட்டுன்னு கூட சொல்ல முடியாது, இருட்டுன்னா பார்த்துட்டு இருக்க ஒருத்தன் வேணுமில்ல. டாக்டர் பேசிட்டு இருந்தார், அடுத்த நொடி வேற டாக்டர் வேற ரூம், நடுவுல ரெண்டு நாள் போயிருக்கு. நெஞ்ச அழுத்தினதுல விலா எலும்பு உடைஞ்சு பல வாரம் இருமக்கூட முடியல, அந்த வலிதான் எனக்கு ஞாபகம். என் மனைவிக்கு அந்த ரெண்டு நாளும் நிமிஷம் நிமிஷமா ஞாபகம் இருக்கு. எனக்கு ஒண்ணுமே இல்லாத நேரம் அவளுக்கு வாழ்க்கையிலேயே நீளமான நேரம், இத ஏன் யாரும் முன்னாடி எனக்குச் சொல்லலன்னு தோணுச்சு.

சிவப்பு பேனா:

மேல எழுதினவருக்கு நேர் எதிர் எனக்கு. நான் வெளிச்சம் பார்த்தேன், ரொம்ப நல்லா இருந்துச்சு, இன்னிக்கும் நான் நாத்திகன்தான். தத்துவவாதி ஏ. ஜே. அயர் 1988ல ஆஸ்பத்திரியில மீன் துண்டு தொண்டையில சிக்கி நாலு நிமிஷம் இதயம் நின்னு பொழச்சவர், கண்ணக் கூசுற சிவப்பு வெளிச்சம் பார்த்ததா எழுதினார். சாவுக்கப்புறம் வாழ்வு இல்லங்கற நம்பிக்கை குறையல, ஆனா அதுல இருந்த என் முரட்டுப் பிடிவாதம் குறைஞ்சதுன்னு பின்னாடி விளக்கம் சொன்னார். எனக்கும் அதேதான். இதயம் நின்ன எலிகளோட மூளையில அரை நிமிஷத்துக்குப் பக்கம் திடீர்னு செயல்பாடு கூடினத 2013ல காட்டினாங்க, 2023ல சாகற நெலமையில இருந்த நாலு மனுஷங்கள பார்த்ததுல ரெண்டு பேருக்கு அது மாதிரி இருந்துச்சு. நாலே பேர்தான், அவங்க என்ன உணர்ந்தாங்கன்னு கேக்கவும் வழியில்ல. ஆனா என் மூளை கடைசியா எனக்குக் காட்டினது அதுதான்னா அதுவே பெருசுன்னு எனக்குத் தோணுது.

மூணு மணி:

எல்லாரும் எபிகியூரஸ் சொன்னதுல நிம்மதி ஆயிடறீங்க, எனக்கு ஆகல. ராத்திரி மூணு மணிக்கு முழிச்சு ஒருநாள் நான் இருக்கவே மாட்டேன்னு நினைச்சா உடம்பு சில்லுனு ஆயிடுது. என் ஃபிரெண்டு 26 வயசுல செத்தான். "அவனுக்கு எதுவும் தெரியாது, வலி இல்ல"ன்னு சொன்னாங்க. அதுதானங்க கொடுமையே, அவனுக்கு எதுவும் தெரியாதுங்கறது. தத்துவவாதி தாமஸ் நேகல் 1970ல எழுதின கட்டுரைதான் எனக்கு நியாயமா பட்டுச்சு, சாவு கெட்டது எதுக்குன்னா அது வலிக்கும்ங்கறதுக்காக இல்ல, கிடைச்சிருக்க வேண்டியத பறிக்கறதால. பிறக்கறதுக்கு முன்னாடி இல்லாததும் இதுவும் ஒண்ணுன்னு சொல்றது அவன் விஷயத்துல பொருந்தாது, முன்னாடி அவன் எதையும் இழக்கல. நம்பிக்கை இல்லாதவங்க சாவப் பார்த்து அமைதியாத்தான் இருக்கணும்னு ஒரு கட்டாயம் வந்துடுது, அதயும் பேசணும். நான் அமைதியா இல்ல.

பழைய டீச்சர்:

தம்பி, வயசாகி சாகறவருக்குப் பொருந்தறது 26க்குப் பொருந்தாதுதான், ஒத்துக்கறேன்.

ரெண்டு பிள்ளைக்கு அம்மா:

பாட்டி எங்கன்னு ஆறு வயசுப் பையன் கேட்டான். தூங்கறாங்கன்னு சொல்ல வேணாம்னு மட்டும் தெரியும், அப்புறம் தூங்கவே பயப்படுவான். "உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, இனிமே பாட்டிக்கு பசிக்காது, குளிராது, வலிக்காது, திரும்பவும் வர மாட்டாங்க"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சு "என்ன ஞாபகம் இருக்குமா அவங்களுக்கு?"ன்னான். எல்லாத்துக்கும் தயாரா இருந்தேன், இதுக்கு இல்ல. "இருக்காதுடா, உனக்குத்தான் அவங்க ஞாபகம் இருக்கும்"னேன். சரியா சொன்னேனான்னு இன்னும் தெரியல.

அலை:

நானும் கடவுள் நம்பிக்கை இல்லாதவன்தான், ஆனா சக்திக்கு அழிவில்லன்னு சயின்ஸே சொல்லுது, அதனால ஏதோ ஒண்ணு மிச்சம் இருக்கும்னு நினைக்கிறேன்.

சிவப்பு பேனா:

அலை அண்ணா, சக்தி அழியாதுதான். உடம்புச் சூடு அந்த ரூம் காத்துல கலந்துடும், அணுக்கள் மண்ணுக்கும் செடிக்கும் போயிடும். ஆனா அது எல்லாம் சேர்ந்து ஒரு ஆளா இருந்த அமைப்பு இருக்கே, அது போயிடுது. டீச்சர் சொன்ன பறைதான். நான் எதையும் பிடுங்கறதுக்காகச் சொல்லல.

முதல் பதிவு போட்டவன்:

எல்லாத்தயும் ரெண்டு தடவை படிச்சேன். மூணு மணி, உங்க பதிவுக்கு என்கிட்ட பதில் இல்ல, அப்பா இருந்திருந்தா அவர்கிட்டயும் இருந்திருக்காது.

நர்ஸ் அக்கா சொன்னதுக்கு மட்டும் ஒண்ணு எழுதணும். எங்கம்மா நம்பிக்கை உள்ளவங்க, தெனம் ராத்திரி அப்பா போட்டோகிட்ட அன்னிக்கு நடந்ததெல்லாம் சொல்லுவாங்க. நான் அந்த நேரம் வேற ரூமுக்குப் போயிடுவேன், நடிக்க வேணாம்னு. நேத்து போகல, பக்கத்துல உக்காந்தேன். கரண்ட் பில்ல தானே கட்டிட்டதா சொல்லிட்டு இருந்தாங்க, பாதியில நிறுத்தி என்னப் பார்த்து "உனக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே"ன்னாங்க. "இல்லம்மா, நீ பேசறத நான் கேக்கறேன்"னேன். சரின்னு போட்டோ பக்கம் திரும்பி, பாஸ்வேர்ட மறந்துட்டு மறுபடி மாத்தினத சொல்ல ஆரம்பிச்சாங்க.