கப்பலில் வரும் உறவினர்களுக்கு ஒரு பகல் கொழும்பு: ஆலோசனை தேவை

வணக்கம். அடுத்த மாதம் உல்லாசக் கப்பலில் வரும் என் சித்தி குடும்பத்தினர் காலை 8 மணிக்குக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி மாலை 4 மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்பதால், கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவைத் தவிர்த்து நாங்களே அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். நண்பகலில் நடை சாத்துமுன் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் தூண்களைச் சித்திக்குக் காட்டிவிட வேண்டும் என்பதே என் பெருவிருப்பம். அருகிலேயே கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், பிறகு 1877இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம், இறுதியில் காலிமுகத்திடல். அதிவேகப் பாதை இருந்தாலும், தெற்கிலுள்ள காலி நகரம் வரை போய்வருவது இந்த நேரத்துக்குள் ஆபத்தாகவே படுகிறது. சித்தப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் ஓட்டோவை விட வான் பிடிப்பது நல்லதா, துறைமுகத்துக்குள் வெளி வாகனத்தை அனுமதிப்பார்களா, இல்லையேல் எந்த வாயிலில் காத்திருக்கலாம் என்பதை அண்மையில் இவ்வாறு அழைத்துச் சென்றவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.